என் களைப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

என் மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடிக்கும் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தானே நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

மே மாதம் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஏன் இப்படிச் சோர்ந்து போயிட்டீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதோடு விட்டீர்களா? வாட்ஸ்அப்பில் வீடியோ மேல் வீடியோ. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: 'அட்ரினல் ஃபெட்டீக்'. அதாவது அட்ரினல் சுரப்பி களைத்துப் போய்விட்டதாம். ஒருவர் சூரணம் வாங்கித் தருகிறேன் என்றார். என் அண்ணன் மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவே அனுப்பிவிட்டாள். உங்கள் அன்புக்கு நான் என்ன செய்யப் போகிறேன்! ஆனால் அந்த டப்பாவை நான் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்கு அட்ரினல் சுரப்பியில் பிரச்சினை இருப்பது உண்மை. ஆனால் அந்த வீடியோக்கள் சொல்லும் பிரச்சினை வேறு, எனக்கு இருப்பது வேறு.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் எனக்கு முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று தெரிந்தது. காலையில் சாக்பீஸைப் பிடிக்க விரல் மடங்காது. முதல் பீரியடில் நான் பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதச் சொன்னது இதனால்தான். அந்தச் சமயம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையோடு, தினமும் சிறிய அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். நோய் சில சமயம் அடங்கும், சில சமயம் எகிறும். அதற்கேற்ப ஸ்டீராய்டு அளவும் ஏறி இறங்கும். அந்த மாத்திரை இல்லாமல் 2019இல் பணி ஓய்வு பெறும் வரை நான் வகுப்பில் நின்றிருக்க முடியாது. அதனால் ஸ்டீராய்டைத் திட்டி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

ஸ்டீராய்டு வந்த கதையே முடக்குவாதத்தில்தான் தொடங்குகிறது. 1948 செப்டம்பரில், அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் என்ற புதிய மருந்தை ஊசியில் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் என்னென்ன ஆகும் என்பதும் அடுத்த சில வருடங்களிலேயே மருத்துவர்களுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

2022இல் என் மூட்டு நோய் நன்றாக அடங்கியிருந்தது. "இனி ஸ்டீராய்டை மெதுவாகக் குறைக்கலாம்" என்றார் மருத்துவர். 10 மில்லிகிராமிலிருந்து ஏழரை, பிறகு 5. அதுவரை சிரமம் இல்லை. 5க்குக் கீழே இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குமட்டல். குளித்துவிட்டு வந்தால் திரும்பவும் படுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டும். சோற்றைக் கண்டாலே வேண்டாம் என்றிருக்கும். நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன். "வயசாகுதுல்ல", "ரிட்டயர் ஆனா அப்படித்தான்", "மனசுல எதையாவது போட்டு வருத்திக்கிறியா?" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். காலை 8 மணிக்கு எடுக்க வேண்டும். முந்தின நாள் காலை போட்ட மாத்திரைக்குப் பிறகு 24 மணி நேரம் கழித்து, அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவு அது. எனக்கு 2.8 வந்தது. அந்த நேரத்தில் 10க்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாமாம். எனக்கு அது ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தது.

ஏன் தூங்கியது? நம்மூர் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி. அதுதான் பாசனத் தேவையைக் கணக்குப் பார்க்கும் அலுவலகம். அதன் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அது மேட்டூர் அணை. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள்தான் கல்லணை. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிற மாதிரி, அட்ரினலிலிருந்து கார்ட்டிசால் உடம்பு முழுக்கப் போகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சலைத் தாங்கும் சக்தி எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. விடியற்காலையில் நிறைய வரும், நடு இரவில் மிகக் குறைவாக இருக்கும். அப்படி ஒரு முறை வைத்திருக்கிறது உடம்பு.

இப்போது வயலில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, வருஷக் கணக்கில் மோட்டார் தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்று வையுங்கள். அதுதான் ஸ்டீராய்டு மாத்திரை. அலுவலகம் பார்க்கிறது: வயலில் தண்ணீர் நிற்கிறது, திறக்க வேண்டியதில்லை. மேட்டூர் மூடியே கிடக்கிறது. கல்லணைக்கு வேலையில்லை. வாய்க்காலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிவிடுகின்றன. திடீரென்று ஒரு நாள் மோட்டாரை நிறுத்தினால் என்ன ஆகும்? அணையைத் திறந்தாலும் தண்ணீர் உடனே கடைமடைக்கு வந்துவிடாது. தூர் வார வேண்டும், மெதுவாக விட வேண்டும், காத்திருக்க வேண்டும். எனக்கு நடந்தது இதுதான். என் கை கால் எல்லாம் கடைமடை.

இது அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் நூற்றுக்கு ஒருவராவது நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறார் என்பது மருத்துவர்களின் கணக்கு. ஆஸ்துமா, தோல் நோய், முடக்குவாதம், சிறுநீரகம், உறுப்பு மாற்று சிகிச்சை என்று காரணங்கள் பல. எல்லாருக்கும் சுரப்பி தூங்கிவிடும் என்றில்லை. ஆனால் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தவர்கள் யாரும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இன்னொரு வகை, அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போவது. 1855இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர் முதலில் இதை விவரித்து எழுதினார். அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோய் அட்ரினலைத் தின்றிருந்தது. நம் நாட்டில் இன்றைக்கும் காசநோய் இதற்கு ஒரு முக்கியமான காரணம். இந்த வகையில் உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, ஈறு எல்லாம் கறுக்கும். உப்பை அள்ளித் தின்னத் தோன்றும். எடை குறையும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு இந்த அடிசன் நோய் இருந்தது. மருந்து எடுத்துக்கொண்டே நாட்டை ஆண்டார்.

ஆக, அட்ரினல் குறைபாடு என்பது ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய நோய். 'அட்ரினல் ஃபெட்டீக்' என்ற பெயரை 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்பவர் கொண்டுவந்தார். மனஅழுத்தத்தால் சுரப்பி களைத்துவிடும், சாதாரண பரிசோதனையில் தெரியாது என்பது அவர்கள் வாதம். 2016இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 58 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்து, அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்களும் இதை ஒரு நோயாக ஏற்கவில்லை.

அதற்காக உங்கள் களைப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தயவுசெய்து கவனியுங்கள். களைப்பு உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், தூக்கத்தில் மூச்சுத் திணறலாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பரிசோதனையும் வைத்தியமும் உண்டு. தவறான பெயரை ஒட்டிவிட்டால் சரியான காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

டப்பாவுக்கு வருகிறேன். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அட்ரினலுக்குச் சத்து என்று அமெரிக்காவில் விற்கும் 12 வகை மாத்திரைகளைச் சோதித்தார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் இருந்தது. ஏழில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் இருந்தது. தூங்கும் சுரப்பியை எழுப்பப் பாடுபடும் எனக்கு, தெரியாத அளவில் இன்னொரு மோட்டார் தண்ணீர் எதற்கு? கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. அடுத்த முறை வரும்போது அத்தைக்கு நல்ல பேனா வாங்கி வா.

இனி எனக்கு நடக்கும் வைத்தியம். நீண்ட நேரம் வேலை செய்யும் பிரெட்னிசோலோனுக்குப் பதில், குறைந்த நேரம் வேலை செய்யும் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தார்கள். காலை எழுந்ததும் 10 மில்லிகிராம், மதியம் 5. சாயங்காலத்துக்கு மேல் கிடையாது, போட்டால் தூக்கம் போய்விடும். மாதங்கள் போகப் போக 8 மணி கார்ட்டிசால் 2.8லிருந்து 4, பிறகு 7 என்று ஏறியது. மூன்றாவது வருடம் இது. போன தடவை 9.1 வந்தது. இன்னும் கரை தொடவில்லை, ஆனால் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

இதற்கிடையில் எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம், வைட்டமின் டி. சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அட்ரினல் குறையும் தைராய்டு குறையும் சேர்ந்து இருந்தால், முதலில் அட்ரினலைச் சரிக்கட்டிவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஆபத்து. அதனால்தான் "அவங்களுக்குக் கேட்டுச்சு, எனக்கும் அதே மாத்திரை" என்பது ஹார்மோன் விஷயத்தில் கூடாது.

அன்றாட வேலைகளை நான் முறை வைத்துப் பிரித்துக்கொண்டேன். தண்ணீர் குறைவான வருஷத்தில் முறைப்பாசனம் விடுவார்களே, அது மாதிரி. துணி துவைக்கும் நாளில் கடைத்தெரு இல்லை. கோயிலுக்குப் போகும் நாளில் விருந்தாளிச் சமையல் இல்லை. முழுப் பட்டினி விரதங்களை விட்டுவிட்டேன். அக்னி நட்சத்திர நாட்களில் உப்புப் போட்ட நீர்மோர் கையிலேயே இருக்கும். "டீச்சர் விசேஷத்துக்கு வந்துட்டு பந்திக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க" என்று வருத்தப்பட்டவர்கள், காரணத்தை இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நோயில் முக்கியமான பாடம் காய்ச்சல் நாள் பாடம். ஆரோக்கியமான உடம்பு காய்ச்சல் வந்தால் தானாகவே கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். என் உடம்பால் முடியாது. அதனால் காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், தணிந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான், தாமதிக்கக் கூடாது. பல் பிடுங்குவதானாலும் அறுவை சிகிச்சையானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் என் பையில் இருக்கிறது. போனின் உறையிலும் ஒன்று.

அட்டை மட்டும் போதாது என்று, எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வரியை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். "இவங்க ஸ்டீராய்டு எடுக்குறவங்க, அட்ரினல் குறைபாடு, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடணும்." கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கணக்கு எழுதிய மனிதர், தினமும் காப்பிக்கு முன்னால் ஒப்பித்தார். ஒப்பிக்காவிட்டால் காப்பி கிடையாது.

2023 நவம்பரில் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். அடைமழை. இரவு எனக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்து, விடியற்காலை காய்ச்சல் 102. இரட்டிப்பாகப் போட்ட மாத்திரையும் வாந்தியில் போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் 80க்கு 50. "கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலை, குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிடும்" என்று அங்கே இருந்தவர்கள் சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை. இவர் பேசினார். அந்த ஒரே வரி. அவர்கள் "பாக்குறோம் சார்" என்றார்கள். இவர் மறுபடியும் அதே வரி. அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்து, மூன்றாவது முறையும் அதே வரி. ஜென்மத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர் அன்று உயர்த்தினார். பெரிய டாக்டருக்குப் போன் போனது. ஊசி போட்டார்கள், உப்பு நீர் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "முகூர்த்தம் ஆயிடுச்சா?" என்று கேட்டேனாம். அன்று ஊசி தாமதமாகியிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று என் மருத்துவர் பிறகு சொன்னார்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும். இனி சொல்லப்போவதுதான் உங்களில் பலருக்கு வேண்டியது.

எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் ஒரு பெண் இருக்கிறார். குறுவை, சம்பா என்று வருஷம் முழுக்கக் குனிந்த முதுகு. முட்டிவலிக்குக் கடையில் "ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குவார். பெயர் இல்லாத பொட்டலம், மூன்று நான்கு கலரில் மாத்திரை. போட்டால் வலி பறந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் முகம் உருண்டையானது, கன்னம் பூசினாற்போல் ஆனது. "உடம்பு தேறிட்டே" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அது தேறிய உடம்பு இல்லை, ஸ்டீராய்டு வீக்கம். பிறகு யாரோ ஒரு சொந்தக்காரர், "அது ஸ்டீராய்டாம், தொடாதே" என்று சொல்ல, அன்றோடு மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டார். நாலாம் நாள் வாந்தி, மயக்கம், எழுந்திருக்க முடியவில்லை. நல்லவேளை, அரசு மருத்துவமனையில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டு, புரிந்துகொண்டு, ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இப்போது மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அவரும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். பஸ்ஸில் எங்கள் பேச்சு முழுவதும் கார்ட்டிசால்தான்.

சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பாதி உண்மை ஆளைக் கொல்லப் பார்த்தது. முழு உண்மை இது: தெரியாத மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதும் தப்பு, அதைத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு. பொட்டலத்தோடு டாக்டரிடம் போவதே சரி.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால், பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் கிடைக்காமல் அது பட்டுப்போவதுண்டு. 1937இல் இதை விவரித்த ஷீஹன் என்பவர் பெயரால் அந்த நோயை அழைக்கிறார்கள். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்ப வராது, தீராத அசதி, குளிர் தாங்காது. வருஷங்கள் கழித்துத்தான் பலருக்குக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் காலத்தில் இப்படி இருந்த பெண்களை "பால் குடுக்கத் துப்பில்லை", "எந்நேரமும் படுக்கை" என்று பேசியே கொன்றார்கள். உங்கள் அம்மாவோ மாமியாரோ அந்த மாதிரி பிரசவத்துக்குப் பிறகு என்றைக்கும் தெம்பாகவே இல்லை என்றால், வசவை விட்டுவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். இன்றும் வைத்தியம் உண்டு.

மேட்டூரும் கல்லணையும் திறந்தாயிற்று. குறுவை நடவு மும்முரம். உங்களில் பலர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ இப்போது வயலில் நிற்பார்கள், இடுப்பில் ஒரு செட் மாத்திரைப் பொட்டலத்தோடு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் பாயில் பரப்புங்கள். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. 'சோன்' என்று முடிவதெல்லாம் ஸ்டீராய்டு இல்லை, சர்க்கரைக்குத் தரும் பியோகிளிட்டசோன் வேறு. இலக்கணம் என்றால் விதிவிலக்கு இருக்கத்தானே செய்யும்? சந்தேகம் வந்தால் நிறுத்தாமல், மறைக்காமல், எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அட்டையே இல்லாத மாத்திரை என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் படிப்பு அம்மாவின் மாத்திரை அட்டையைப் படிக்க உதவினால், வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தஞ்சாவூர்